அண்டாவில் மிதந்த வேப்பிலை

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்று வளர்த்த பிள்ளைகள் நாலு பேர். நாலு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். அது போக, வேலைக்குப் போன இடத்தில் நான் வளர்த்தவை கொசுக்கள். அவற்றுக்குக் கணக்கு கிடையாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கொசுவுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டுமென்றால், முதலில் ஒருவர் உட்கார்ந்து கொசுவை வளர்த்துத் தரவேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த வேலையை நான் செய்தேன். ஒழுங்காகச் செய்தேன்.

இப்போது அங்கே ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் போன மாதம் வீடு தேடி வந்தார்கள். நொச்சித் தைலம், புல் தைலம் எல்லாம் சின்னக் குப்பியில் அடைத்துக் கடைக்கு வந்துவிட்ட காலம் இது. "ஆரம்பத்துல எப்படி நடந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்கக்கா" என்றார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போய்விடும். போகட்டும், எனக்கென்ன அவசரம். நான் எழுதியதைப் பேத்தி அபிநயா பிழை திருத்திப் புத்தகத் தமிழில் எழுதுகிறாள். ஆட்கள் பேசின பேச்சை மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். கொசு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். "பஞ்சவர்ணம், இதக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" என்று கூடத்தை நடத்திய மேடம் கேட்டார். சரி என்றேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான்.

கொசு முட்டை ஈரத் தாளில் மை தெறித்தது போல ஒட்டியிருக்கும். அந்தத் தாளைக் காயவைத்து எடுத்து வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. பிறகு ஒரு நாள் தண்ணீரில் போட்டால் புழு நெளிய ஆரம்பித்துவிடும். வற்றிப்போன தொட்டியைக்கூட ஏன் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள் என்பது அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. புழுவுக்குத் தீனி, நாய் பிஸ்கட்டைப் பொடித்து ஈஸ்ட் கலந்தது. ஒரு சிட்டிகை போதும். கூடிவிட்டால் தண்ணீரில் ஆடை கட்டி எல்லாம் மூச்சு முட்டிச் செத்துவிடும். கூட்டுப்புழு ஆனதும் டிராப்பரில் உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டு, வலைக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். இறக்கை முளைத்து வந்ததும் குடிப்பதற்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. பெண் கொசு முட்டை வைக்க ரத்தம் வேண்டும். அதற்கென்று ஒரு கோழி இருந்தது. முட்டையிலிருந்தே எங்கள் அறையில் வளர்ந்த கொசு என்பதால் அதனிடம் நோய் கிடையாது. கடித்தால் அரிக்கும், அவ்வளவுதான்.

"ஊரே கொசுவ அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. இவ அதுக்குச் சோறு ஊட்டப் போறா" என்பார் என் வீட்டுக்காரர்.

எண்ணெய் எடுப்பது இன்னொரு வேலை. நொச்சி, துளசி, எலுமிச்சைப் புல், தைல மர இலை எல்லாவற்றையும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வாசம் பறந்துவிடும். குண்டுக் கண்ணாடிப் பானையில் இலையும் தண்ணீரும் போட்டுக் கொதிக்க வைத்து, ஆவியைக் குழாய் வழியாகக் குளிரவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும். அடியில் தண்ணீர் நிற்கும், மேலே நூல் பிடித்தது போல எண்ணெய் மிதக்கும். கூடை கூடையாக இலை போட்டாலும் கிடைப்பது அந்த நூல்தான்.

அந்த எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து ஒரு கையில் தடவிக் கூண்டுக்குள் விடுவேன். மறு கையில் வெறும் தேங்காய் எண்ணெய். எந்தக் கையில் கொசு உட்காருகிறது என்று ஆராய்ச்சிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு வாசனைச் சோப்பு போடக்கூடாது, பவுடர் கூடாது, தலையில் பூ வைக்கக்கூடாது. வெறும் தலையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினால் மாமியார் வாசலில் நின்று, "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கயில இதென்னடி கோலம்?" என்பார். "கொசுவுக்கு மல்லிப்பூ ஆகாது அத்தை" என்று சொல்லிவிட்டு நடப்பேன். புல் தைலம் தடவிய கையை முதலில் கொசு அண்டாது. வாசம் தணிந்ததும் வந்து உட்கார்ந்துவிடும். எந்த எண்ணெய் எவ்வளவு நேரம் காக்கும் என்பதுதான் எங்கள் வேலையே.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் வந்ததும் நாற்காலியில் உட்காரமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வருவார். மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எண்ணி விட்ட புழுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு அளவு மருந்து. கடைசிக் கிண்ணத்தில் மருந்து கிடையாது, வெறும் தண்ணீரும் சோப்புக் கரைசலும் மட்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். மேடம் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். அதில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தால்தான் மற்ற கிண்ணங்கள் பக்கம் திரும்புவார். அதிலும் புழு செத்துக் கிடந்தால் மற்றதில் எத்தனை செத்திருந்தாலும் அவருக்கு அது கணக்கில்லை. "எல்லாத்தையும் கொட்டிருங்க பஞ்சவர்ணம். நாளைக்கு மறுபடி போடுவோம்." குரல் உயராது, முகம் மாறாது. பல நாள் உழைப்பு வாய்க்காலில் போகும். ஆராய்ச்சிப் பிள்ளைகள் சில பேர் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவார்கள். அவர் மறுநாள் காலை வந்து, முதல் நாள் வந்தது போலவே குனிவார்.

ஒரு சமயம் வேப்பிலையைச் சும்மா தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தோம். எண்ணெய் எடுக்காமல், அரைக்காமல், பச்சை இலை அப்படியே. எல்லாரும் புழு சாகும் என்று நினைத்தோம். இலை அழுக ஆரம்பித்ததும், நான் பிஸ்கட் போட்டு வளர்த்த புழுவைவிட அதில் இருந்தது கொழுத்துவிட்டது. மேடம் வெகுநேரம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். "எலை இதுக்குச் சாப்பாடு. மருந்து கொட்டையில இருக்கு" என்றார்.

உண்மையும் அதுதான். வேப்பங்கொட்டை எண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடித்துப் பால் போலாக்கித் தண்ணீரில் ஊற்றினால், புழுவால் சட்டையை உரிக்க முடியாது. உடனே சாகாது, இரண்டு மூன்று நாளில் சோர்ந்து அடியில் போய்விடும். கூடத்தில் அது நன்றாக வேலை செய்தது. ஊருக்குள் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். நான் வேலையை விட்டு நிற்கப் போகிற காலம் நெருங்கியிருந்தது.

கந்தர்வக்கோட்டைக்கு அங்கிட்டு, முந்திரிக் காட்டுக்குள் ஒரு ஊர். பேர் வேண்டாம். குழாய்த் தண்ணீர் நினைத்தபோது வரும் என்பதால் வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைத்திருப்பார்கள். புழங்குகிற தண்ணீரில் மட்டும் எண்ணெய்ப் பாலை ஊற்றினோம். மேடம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மைக் பிடித்து, "மருந்து வெளிய இல்லங்க, நம்ம வேப்ப மரத்துலயே இருக்கு" என்று பேசினார். பெண்கள் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஐப்பசி மழை விட்டு மறுபடி போனபோது பார்த்தால், எல்லாத் தொட்டியிலும் கொத்துக் கொத்தாக வேப்பிலை. எங்கள் எண்ணெய் நாறுகிறது, மாடு முகத்தைத் திருப்புகிறது, அதனால் இலை. வாசலிலேயே நிற்கிற மரம், அதுவும் ஆத்தாளுடைய மரம். "நீங்க சொன்னபடி நாங்களே போட்டுட்டம் பாருங்க" என்று ஒருத்தி பெருமையாகக் காட்டினாள். வேப்பிலை போட்டாயிற்று என்று தொட்டியைக் கழுவுவதையும் நிறுத்தியிருந்தார்கள். நான் இலையை ஒதுக்கி வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தேன். கொழுத்த புழு. மேடத்திடம் நீட்டினேன். அவர் அங்கேயே தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நாம பாதிதான் சொல்லியிருக்கோம் பஞ்சவர்ணம். மீதிய அவங்களே நெரப்பிக்கிட்டாங்க" என்றார். பிறகு எழுந்து, "ஒரு வீடு விடாம எலைய அள்ளணும். தண்ணியக் கொட்டணும்" என்றார்.

தெருத் தெருவாகப் போனோம். கடைசித் தெருவில் இரண்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. ஒன்று காய்ந்து சருகாகிவிட்ட இலை. அது அடைக்கி வீடு. சின்ன வயதுக்காரி. அவளுடைய ஒரே மகன் அந்த மாதம்தான் இறந்துபோயிருந்தான். உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, ஆத்தா வந்திருக்கிறாள் என்று வீட்டோடு வைத்துப் பார்த்தார்கள். அடுத்த வீட்டு வாசலில் பச்சை இலை. கௌசல்யா என்று பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு அதே மாதிரி தடிப்பு.

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டால் வெளியாள் உள்ளே போகக்கூடாது. தாளிப்பு வாசம் கூடாது, செருப்பு கூடாது. ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார்கள். ஆத்தாளை வீட்டிலிருந்து விரட்டுவது போல அது. எங்களோடு வந்த பிள்ளைகள் தெருமுனையிலேயே தயங்கி நின்றார்கள். மேடமும் வாசல்வரை வரவில்லை. "நான் வந்தா கதவச் சாத்திருவாங்க. நீங்க போங்க. நான் வண்டிக்குச் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

நான் அடிபம்பில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஈரச் சேலையோடு போய் வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

"யாரு அது?" உள்ளேயிருந்து பெண்ணின் அப்பத்தா வெள்ளையம்மா.

"மருந்து ஊத்துற பஞ்சவர்ணம், பெரியாத்தா."

"எலை கட்டிருக்கது கண்ணுக்குத் தெரியல? அங்கிட்டே நில்லு."

"குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். செருப்பு முக்குல கெடக்கு. ஆத்தாளக் கும்புட்டுட்டுப் போயிடுறேன்."

கும்பிட வந்தவளை யாரும் தடுக்கமாட்டார்கள். "கொல்லப் பக்கமா வா" என்றார்.

உள்ளே வேப்பிலைப் படுக்கையில் பெண் கிடந்தாள். அவளுடைய அம்மா ராசாத்தி தலைமாட்டில் இருந்தாள். வெள்ளையம்மா முகம் தெளிந்திருந்தது. "காச்ச விட்டுருச்சு. ஆத்தா குளுந்துட்டா. நாளைக்குத் தலைக்கு ஊத்திருவோம்."

ஊருக்குள் வருமுன் நர்சம்மாவை வைத்து எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார் மேடம். இந்தக் கொசுக் காய்ச்சலில் காய்ச்சல் அடிக்கிறபோது அல்ல, விடுகிறபோதுதான் ஆளைக் கவனிக்க வேண்டும். நான் பெண்ணின் கையைத் தொட்டேன். ஈரத்துணியைத் தொட்டது போல இருந்தது.

"எதுனா சாப்புட்டாளா?"

"கூழு குடுத்தா வாந்தி எடுக்குது. வயித்தப் புடிச்சுக்கிட்டு வலிங்குறா. கண்ணத் தொறக்க மாட்டேங்கிறா" என்றாள் ராசாத்தி.

கொல்லையில் வெயிலில் அண்டா இருந்தது. தலைக்கு ஊற்றுவதற்காக மஞ்சளும் வேப்பிலையும் போட்டு நாள் கணக்கில் வைத்த தண்ணீர். கிண்ணத்தில் மொண்டு வந்து வெள்ளையம்மா முன்னால் வைத்தேன். மஞ்சள் தண்ணீரில் புழு துள்ளியது.

"பெரியாத்தா, இது ஆத்தா இல்ல. கொசுக் காச்ச. கை குளுந்துபோனா ஆவத்து. இப்பவே தூக்கணும்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆத்தா தண்ணியில எப்புடிப் புழு வரும்? கொசு வளக்குறவதான நீ? ஒன் கூண்டுலேருந்து கொண்டாந்து போட்டுட்டு எங்கிட்டயே காட்டுறியா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அந்த வேலையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பதில் சொன்னால் சண்டையாகும். சண்டையில் போகிற நேரம் அந்தப் பெண்ணுடையது. கிண்ணத்தை ராசாத்தி கையில் கொடுத்து, "நீயே போயி மொண்டு பாரு தாயி, எலைக்கு அடியில" என்றேன்.

அவள் போனாள். மொண்டாள். கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே குட்டைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடைக்கி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. சாவு வீட்டுக்காரி, அம்மை வீட்டுப் பக்கம் வரக்கூடாதவள். சுவரைத் தொடாமல் தள்ளி நின்று சொன்னாள்.

"எம் புள்ளைக்கும் இப்புடித்தான் காச்ச விட்டுச்சு. கை குளுந்துச்சு. ஆத்தா எறங்கிட்டான்னு நாங்க சந்தோசப்பட்டோம்."

பிறகு வெள்ளையம்மா என்னைப் பார்த்து, "புதுத் தண்ணி கொண்டா" என்றார்.

அடிபம்புக்கு ஓடிச் சொம்பில் பிடித்து வந்தேன். தலைக்கு ஊற்றாமல் பெண்ணை வாசல் தாண்டவைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு வேப்பங்கொத்தை அந்தத் தண்ணீரில் தோய்த்துப் பேத்தியின் தலையில் மூன்று தரம் தெளித்தார். அதையே தலைக்கு ஊற்றியதாக வைத்துக்கொண்டார். "ஆத்தாள வீட்டுல விட்டுட்டா போறது? அவளும் கூட வரட்டும்" என்று கொத்தை மடியில் செருகிக்கொண்டு, பெண்ணோடு நூற்றியெட்டு வண்டியில் அவரே ஏறி உட்கார்ந்தார்.

கௌசல்யா பிழைத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, வெள்ளையம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். ஊர் திரும்பியதும் வெள்ளையம்மா கோயிலுக்குக் கூழ் ஊற்றினார். எனக்கும் சொல்லி அனுப்பினார். போனேன். கூண்டுப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அன்றைக்கு அடைக்கி என்னைக் கூப்பிட்டாள். "எங்க வீட்டுக்கு வாங்கக்கா. ஒண்ணு பாக்கணும்."

அவள் வீட்டுக் கொல்லையில் அண்டா அப்படியே இருந்தது. மகனுக்குத் தலைக்கு ஊற்றிய தண்ணீரின் மிச்சம். அவன் மேல் பட்ட தண்ணீரின் மீதியைக் கொட்ட மனம் வராமல் வைத்திருக்கிறாள். மழைத் தண்ணீரும் சேர்ந்திருந்தது. தெருத் தெருவாகத் தொட்டி கவிழ்த்த எங்கள் பிள்ளைகள், சாவு வீடு என்று இந்த வாசலில் நுழையாமல் போயிருக்கிறார்கள். இலை கறுத்து அழுகிக் கிடந்தது. நான் மொள்ளவில்லை. மொள்ளாமலே தெரிந்தது. தண்ணீரின் மேலே கொசு உரித்துப் போட்ட கூடுகள் மிதந்தன.

"இந்தத் தண்ணிதான் எம் புள்ளையக் கொண்டுபோச்சா?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். "இல்ல தாயி. அவனுக்குக் காச்ச வந்த பொறவுதான இதுல தண்ணி நெறச்சே? கொசு கடிச்சது அதுக்கு முந்தி. ஒம் புள்ளையக் கடிச்சது இந்தத் தண்ணியில பொறந்ததில்ல."

நான் ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, உண்மை அதுதான். அவளுக்கு அது புரிந்தது. அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். பெற்றவள் மனதில் கிடந்த ஒரு கல் நகர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கொடியில் கௌசல்யாவின் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்தப் புள்ளைக்கு?"

நான் வாய் திறக்கவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊர் முழுக்கத் தொட்டிகள் இருந்தன, ஒரு கொசு எந்தத் தண்ணீரில் பிறந்தது என்று யாரால் சொல்ல முடியும். அதையாவது சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பல பேர் சொன்னார்கள். அந்த முகத்துக்கு நேரே நின்றவள் நான்.

அடைக்கி அதற்குமேல் கேட்கவில்லை. அண்டாவைச் சாய்த்தாள். கனம் தாங்காமல் தடுமாறியபோது நானும் ஒரு கை கொடுத்தேன். தண்ணீர் முருங்கை மரத்தடிவரை ஓடியது. அண்டாவை இழுத்துப் போய்த் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, உள்விளிம்பெல்லாம் அழுத்தித் தேய்த்தாள். முட்டை எங்கே ஒட்டியிருக்கும் என்று நான் விரலால் காட்டிய இடத்தையெல்லாம் மறுபடி தேய்த்தாள். தேய்த்து முடிக்கும்வரை அவள் அழவில்லை.

தீட்டுக் கழிந்ததும் அவளாகவே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். வேப்பிலை கட்டிய வாசல்களில் அவள்தான் முதலில் நிற்பாள். "எங்க வீட்டுலயும் கட்டியிருந்தோம்" என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். அவளுக்கு யாரும் கதவைச் சாத்தியதில்லை. மேடமும் அதற்குப் பிறகு மைக்கில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கொட்டை எண்ணெய் ஊற்றிய தண்ணீர் ஒரு கண்ணாடி டம்ளரில், இலை ஊறிய தண்ணீர் ஒரு டம்ளரில். இரண்டையும் பெண்கள் முன்னால் வைத்துவிட்டு, அவர்களே குனிந்து பார்க்கும்வரை காத்திருப்பார். அந்த டம்ளர்களுக்கும் புழு வளர்த்துக் கொடுத்தது நான்தான்.

தைலக் குப்பியை முகர்ந்து பார்க்கிற ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு நான் எழுத நினைத்தது இவ்வளவுதான். எண்ணெய் எடுக்கிற விதம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பேத்தி பேனாவை வைத்துவிட்டு, "அப்பத்தா, அந்தப் புள்ளைக்குன்னு அவங்க கேட்டதுக்கு நீங்க அப்புறமாவது பதில் சொன்னீங்களா?" என்கிறாள். இல்லை. அடைக்கியும் நானும் அதற்குப் பிறகு, நான் வேலையை விட்டு நின்ற பின்னும், எத்தனையோ ஊருக்கு ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறோம். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அப்படியே எழுது அபிநயா. எழுதிவிட்டு, எழுந்து போகாமல், முதலிலிருந்து ஒரு தரம் சத்தமாகப் படி. கேட்கிறேன்.